வார்டில் நிற்க நினைக்கிறேன், எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எனக்கு 34 வயது. நகராட்சிப் பகுதியில் தையல் கடை நடத்துகிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம். எங்கள் தெருவுக்குக் குடிநீர் எட்டு, ஒன்பது நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. போன வருடம் பெண்கள் நாற்பது பேர் சேர்ந்து நகராட்சி ஆணையரைப் பார்த்து மனு கொடுத்தோம். பேசியது நான்தான். அன்றிலிருந்து, “அடுத்த தேர்தல்ல நீயே கவுன்சிலருக்கு நில்லு” என்கிறார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. எந்தக் கட்சியிலும் நான் இல்லை. வீட்டுக்காரர் அரசுப் பள்ளி ஆசிரியர். என் ஓட்டு இன்னும் அம்மா ஊர்ப் பட்டியலில்தான் இருக்கிறது. எங்கள் நகராட்சியில் 33 வார்டு, ஏறக்குறைய 60,000 ஓட்டு. சுயேச்சையாக நிற்க என்ன செய்ய வேண்டும்? காசு இறக்காமல் முடியுமா? சேர்மனுக்குத் தனியாக ஓட்டுப் போட வேண்டுமா என்று மாமியார் கேட்கிறார். அதையும் சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, வணக்கம். 2001, 2006, 2011, 2022 ஆகிய நான்கு உள்ளாட்சித் தேர்தல்களில் வேட்புமனு வாங்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல், போகிற போக்கில் சொன்ன ஒரு வரிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். உங்கள் ஓட்டு அம்மா ஊரில் இருக்கிறது என்கிறீர்களே, அது அங்கே இருக்கிற வரை அந்த மூன்று கேள்விக்கும் வேலையே இல்லை.

நகராட்சியில் கவுன்சிலராக நிற்பவர் அந்த நகராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருந்தாக வேண்டும். எந்த வார்டில் ஓட்டு இருந்தாலும் சரி, அதே நகராட்சியின் வேறொரு வார்டில் நிற்கலாம். ஆனால் நகராட்சிக்கு வெளியே ஓட்டு இருந்தால், நீங்கள் பதினோரு வருடம் குடியிருந்ததோ தெருவே உங்கள் பின்னால் நிற்பதோ கணக்கில் வராது. பரிசீலனை மேசையில் பேசுவது பட்டியல் மட்டும்தான்.

அதனால் முதல் வேலை படிவம் 8. முன்பு ஒரு சட்டமன்றத் தொகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் படிவம் 6 கொடுக்கச் சொல்வோம். 2022 ஆகஸ்ட் முதல் முகவரி மாற்றம் எதுவானாலும் படிவம் 8-தான். இந்தியத் தேர்தல் ஆணையத்தின் செயலியில் நீங்களே போடலாம். முடியாவிட்டால் உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். புகுந்த வீட்டு முகவரியில் ஆதாரோ வங்கிப் பாஸ்புத்தகமோ இருந்தால் போதும். ஒப்புகை எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்து, பெயர் மாறி வரச் சில வாரம் ஆகும். ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். “அங்கேயும் இருக்கட்டும், இங்கேயும் புதுசா சேர்த்துடலாம்” என்று யாராவது யோசனை சொல்வார்கள். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்கச் சட்டம் இடம் தரவில்லை. பொய் உறுதிமொழி கொடுத்துச் சேர்ப்பது தண்டனைக்குரிய குற்றம். எதிர்த்து நிற்பவர் முதலில் தோண்டுவதும் அதைத்தான்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், அறிவிப்பு வந்த பிறகு எதற்கும் நேரம் இருக்காது. 2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26-ஆம் தேதி மாநிலத் தேர்தல் ஆணையம் தேதியை அறிவித்தது. 28-ஆம் தேதியே மனுத் தாக்கல் தொடங்கிவிட்டது. பிப்ரவரி 4 கடைசி நாள், 5 பரிசீலனை, 7 வாபஸ், 19 வாக்குப்பதிவு, 22 எண்ணிக்கை. அறிவிப்பிலிருந்து ஓட்டுப் பெட்டி வரை மொத்தம் இருபத்து நான்கு நாள்! அதற்குள் 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 489 பேரூராட்சிகளுக்கும் ஒரே கட்டமாகத் தேர்தல் நடந்து முடிந்தது. கட்சிக்காரர்களுக்கு வருடம் முழுக்க ஆள் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது. உங்களுக்கு இருப்பது அறிவிப்புக்கு முந்தைய காலம்தான்.

அந்த முறை வென்றவர்கள் 2022 மார்ச் 2-ல் பதவியேற்றார்கள். மன்றத்தின் ஆயுள் முதல் கூட்டத்திலிருந்து ஐந்து ஆண்டு என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்கிறது. ஆகவே 2027 மார்ச் தொடக்கத்தோடு அந்தக் காலம் முடிகிறது. அதற்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறை எல்லா முறையும் அப்படி இருந்துவிடவில்லை. 2016-ல் மனுக்களை வாங்கிக் கட்டி வைத்த கையோடு, அக்டோபர் 4-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு தொடர்பாகத் தொடரப்பட்ட வழக்கு அது. அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் நம் ஊர்களைத் தனி அலுவலர்கள்தான் நிர்வகித்தார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லப் போனால், கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாத காலம். அதை அலுவலகத்துக்குள் இருந்து பார்த்தவன் என்பதால், தேர்தல் தள்ளிப்போவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. உங்களுக்குச் சொல்வது இதுதான்: தேதியைப் பற்றி வருகிற பேச்சையெல்லாம் நம்பித் தயாரிப்பை நிறுத்திவிடாதீர்கள்.

இனி உங்கள் பெயர் மாறி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து பார்க்க வேண்டியது உங்கள் தெருவின் பெயர்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

சட்டமன்றத்துக்கு, நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். உள்ளாட்சிக்கு நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். இரண்டும் வேறு வேறு அமைப்பு. ஆனால் வாக்காளர் பட்டியல் இரண்டுக்கும் அடிப்படையில் ஒன்றுதான். சட்டமன்றப் பட்டியலை எடுத்து, தெருத் தெருவாகப் பிரித்து, வார்டு பட்டியலாக மாற்றுவார்கள். சட்டமன்றப் பட்டியல் ‘பாகம்’ பாகமாக, அதாவது வாக்குச்சாவடிவாரியாக இருக்கும். ஒரு பாகத்தின் எல்லையும் ஒரு வார்டின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு பாகத்தில் முக்கால்வாசி 14-வது வார்டிலும் மிச்சம் 15-வது வார்டிலும் விழும். அப்படி வெட்டி ஒட்டும்போது ஒரு சந்து, ஒரு காலனி, ஒரு அடுக்குமாடிக் கட்டடம் பக்கத்து வார்டுக்குப் போய்விடும். வேண்டுமென்றே செய்வதாக நினைக்காதீர்கள். ஆயிரக்கணக்கான வரிகளை ஒரு சில பேர் இரவு பகலாக உட்கார்ந்து பிரிக்கிறார்கள், தவறு வரத்தான் செய்யும். ஆனால் அந்தத் தவறைத் திருத்தச் சொல்லிக் கேட்க, அந்தத் தெருவை அறிந்தவர் வர வேண்டும்.

ஓர் எண்ணிக்கை நாளில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மூன்றே வாக்குச்சாவடி உள்ள வார்டு. இயந்திரங்களைத் திறந்து எண்களைப் படித்து எழுதி முடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சுயேச்சையாக நின்ற ஒருவர் 11 ஓட்டில் தோற்றார். படிவத்தில் கையெழுத்துப் போடும்போதே அவர் முகம் மாறியது. “சார், எங்க சந்துல இருக்கிற முப்பது நாப்பது பேரும் அன்னிக்கு பக்கத்து ஸ்கூல்ல போய் ஓட்டுப் போட்டாங்க. எனக்கு அப்ப ஏன்னு புரியல” என்றார். அந்தச் சந்து அடுத்த வார்டின் பட்டியலில் இருந்தது. வரைவுப் பட்டியல் வந்தபோது அதைத் திருப்பிப் பார்த்து ஒரு மனு கொடுத்திருந்தால் போதும். எண்ணி முடித்த பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தச் சந்தில்தான் அவர் வீடும் இருந்தது.

ஆகவே வார்டு பட்டியல் வெளியானதும் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் உங்கள் வார்டின் பிரதியை வாங்குங்கள். அந்த நாற்பது பெண்களில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, கையில் பென்சிலோடு வீடு வீடாகப் போய்ச் சரிபாருங்கள். இந்தத் தெரு வந்திருக்கிறதா, இறந்தவர் பெயர் நிற்கிறதா, புது மருமகள் சேர்ந்திருக்கிறாரா, 18 நிறைந்த பிள்ளை விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதியையும் தகுதி நாளாக வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. தெரு மாறிப் போயிருந்தால் உடனே நகராட்சி ஆணையரிடம் எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புதல் முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் சுற்று முடிவதற்குள் வார்டு முழுக்க உங்கள் முகம் தெரிந்துவிடும். யாரிடமும் ஓட்டுக் கேட்காமலேயே அது நடக்கும்.

அடுத்து, உங்கள் வார்டு யாருக்கு ஒதுக்கப்படும் என்பது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் திருத்தினார்கள். அந்தப் பாதிக்குள் பட்டியலினப் பெண்கள், பழங்குடிப் பெண்களுக்கான இடங்களும் அடக்கம். உங்கள் வார்டு ‘பெண்கள் பொது’ என்று வந்தாலும் ‘பொது’ என்று வந்தாலும் நீங்கள் நிற்கலாம். ‘பொது’ என்றால் ஆண்கள் வார்டு என்று நினைப்பவர்களை மேசைக்கு எதிரே எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். அது தவறு. பட்டியலினத்தாருக்கு ஒதுக்கிய வார்டு என்றால் அந்தச் சமூகத்தவர் மட்டுமே நிற்கலாம், சாதிச் சான்று வைக்க வேண்டும். ஒதுக்கீடும் மாறலாம், வார்டு எல்லையும் மறுவரையறையில் மாறலாம். அரசிதழில் வரும் வரை எவர் சொல்வதும் ஊகம்தான்.

மனுத் தாக்கலுக்கு வருவோம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், உங்களுக்கு அது பிரச்சினை இல்லை. முன்மொழிபவர், அதாவது உங்கள் பெயரை முன்வைத்து மனுவில் கையெழுத்துப் போடுபவர், நீங்கள் நிற்கும் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். நிற்பவருக்கு எந்த வார்டு ஓட்டும் போதும், முன்மொழிபவருக்கு அந்த வார்டுதான் வேண்டும் என்ற இந்தச் சின்ன வித்தியாசத்தில் எத்தனை மனு போயிருக்கிறது தெரியுமா! ஒரு பெண்மணி கடைசி நாள் கடைசி மணி நேரத்தில் மூச்சு வாங்க வந்து மனுக் கொடுத்தார். முன்மொழிந்தவர் அவருடைய நாத்தனார், எதிர் வீடு. மறுநாள் பரிசீலனையில் பட்டியலைப் புரட்டினால் நாத்தனார் பெயர் அதில் இல்லை. வார்டு எல்லை அந்தத் தெருவின் நடுவே ஓடியது. கிழக்கு வரிசை ஒரு வார்டு, மேற்கு வரிசை இன்னொன்று. மனு தள்ளுபடி. அந்த அம்மா பேசாமல் தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனதை நான் மறக்கவில்லை. முந்தைய நாளே வந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன், வேறொருவரை வைத்துப் புது மனு கொடுத்திருக்கலாம். அதனால் தாக்கல் தொடங்கிய இரண்டாம், மூன்றாம் நாளே போய்விடுங்கள். முன்மொழிபவரின் பாக எண்ணையும் வரிசை எண்ணையும் பட்டியலைப் பார்த்து எழுதுங்கள், ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள்.

மனுவோடு ஓர் உறுதிமொழி ஆவணம் தர வேண்டும். உங்கள் மீது வழக்கு உண்டா, சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு, கணவர் பெயரில் என்ன, படிப்பு என்ன என்பதெல்லாம் அதில் வரும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். இல்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள். நகையைக்கூட எழுத வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஆம், எழுத வேண்டும்.

டெபாசிட் போன முறை நகராட்சி உறுப்பினருக்கு 2,000 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 1,000. மாநகராட்சியில் 4,000, பேரூராட்சியில் 1,000, அங்கேயும் அவர்களுக்குப் பாதி. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்கினால் பணம் திரும்ப வரும்.

நகராட்சிக்கு நீங்கள் பாக்கி வைத்திருக்கக் கூடாது. பில்லோ நோட்டீஸோ வந்தும் கட்டாமல் விட்ட நிலுவை தகுதியையே கெடுக்கும். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், உங்கள் கடைக்கான தொழில் வரி, உரிமக் கட்டணம் எல்லாவற்றையும் போன அரையாண்டு வரை கட்டி ரசீதை ஒரு கோப்பில் போடுங்கள். நகராட்சியோடு ஒப்பந்த வேலை எதுவும் உங்கள் பெயரில் ஓடக் கூடாது. நகராட்சிக்குச் சீருடை தைத்துக் கொடுக்கும் ஆர்டர் மாதிரி ஏதாவது உங்களிடம் இருந்தால், மனுவுக்கு முன்பே முடித்துக் கணக்குத் தீர்த்துவிடுங்கள்.

உங்கள் கணவரைப் பற்றி. அவர் அரசு ஊழியர் என்பது நீங்கள் நிற்பதற்குத் தடை இல்லை. ஆனால் அவர் உங்களை முன்மொழியக் கூடாது, முகவராக உட்காரக் கூடாது, நோட்டீஸ் கொடுக்கவோ ஓட்டுக் கேட்கவோ வரக் கூடாது. நடத்தை விதிப்படி அவர் வேலைக்கே ஆபத்து. அவர் தன் ஓட்டைப் போடலாம், அவ்வளவுதான். தேர்தல் பணிக்கு வாக்குச்சாவடி அலுவலராக வேறெங்காவது அனுப்பவும் செய்வார்கள். இது உங்களுக்கு இழப்பு என்று நான் நினைக்கவில்லை. பெண்கள் வார்டில் மனைவி பெயரில் மனு, கணவர் முகத்தில் சுவரொட்டி, ஜெயித்த பிறகு அலுவலகத்துக்கு வருவதும் கணவர் என்ற பழக்கம் நம் ஊர்களில் வேரோடியிருக்கிறது. பட்ஜெட் தாளைக் கணவரிடம் நீட்டிவிட்டு ஓரமாக நின்ற பெண் உறுப்பினர்களை அலுவலகத்தில் பார்த்தபோதெல்லாம் எனக்கு மனசு வலித்திருக்கிறது. அவர்களில் பலர் அந்தக் கணவர்களைவிட விவரமானவர்கள். மன்றக் கூட்டத்தில் உட்காரவும் பேசவும் உரிமை உறுப்பினருக்கு மட்டும்தான். ஆணையர் முன்னால் நாற்பது பேருக்காகப் பேசியவர் நீங்கள். முதல் வீட்டுக் கதவையும் நீங்களே தட்டுங்கள்.

காசு இறக்காமல் முடியுமா என்று கேட்டீர்கள். மழுப்பாமல் சொல்கிறேன். பல வார்டுகளில் கவரில் பணம் போகிறது, அதை மறைத்து உங்களுக்கு ஆலோசனை சொல்ல முடியாது. கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஆனால் உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60,000 ஓட்டு, 33 வார்டு. ஒரு வார்டுக்குச் சராசரி 1,800. 2022-ல் நகராட்சிகளில் பதிவானது சுமார் 68 சதவீதம். அப்படியானால் உங்கள் வார்டில் விழுவது 1,200 சொச்சம். வலுவான ஆட்கள் நாலைந்து பேர் நின்றால் 450, 500 ஓட்டு வாங்கியவர் கவுன்சிலர். வீட்டுக்கு மூன்று ஓட்டு என்று வைத்தால் மொத்தம் 600 வீடு. சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளர் ஆயுள் முழுக்க நடந்தாலும் எல்லா வீட்டுக்கும் போய்விட முடியாது. நீங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று முறை போகலாம். பணத்துக்கு எதிரே ஒரு சுயேச்சையிடம் இருக்கிற ஒரே பலம் இந்த 600 என்ற எண்தான். அது ஜெயிக்க வைக்கும் என்று உறுதி தர மாட்டேன். ஜெயித்த சுயேச்சைகள் எல்லோரிடமும் அதைப் பார்த்திருக்கிறேன்.

செலவுக்கு உச்சவரம்பு உண்டு. போன தேர்தலில் முதல்நிலை, இரண்டாம் நிலை நகராட்சி என்றால் 34,000 ரூபாய், தேர்வுநிலை, சிறப்புநிலை என்றால் 85,000. உங்கள் நகராட்சி எந்த நிலை என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், அடுத்த முறை தொகையும் மாறலாம். நோட்டீஸ் அச்சு, ஆட்டோ, ஒலிபெருக்கி, பூத்துக்கு வெளியே போடும் பந்தல், டீ செலவு வரை அன்றன்றே எழுதுங்கள். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தோற்றவருக்கும் இது உண்டு. “தோத்தாச்சு, இனி என்ன கணக்கு” என்று விட்டுவிட்டு, மூன்று வருடம் போட்டியிடத் தகுதியில்லை என்று உத்தரவு வந்த பிறகு அலுவலகப் படி ஏறியவர்கள் நிறைய.

சின்னம் பற்றி ஒரு வார்த்தை. கட்சி வேட்பாளருக்குச் சின்னம் முதல் நாளிலிருந்தே தெரியும். சுயேச்சைக்கு வாபஸ் நேரம் முடிந்த பிறகுதான் ஒதுக்குவார்கள். சுயேச்சைகளுக்கான பட்டியலிலிருந்து நீங்கள் விரும்புவதை வரிசையாக எழுதிக் கொடுக்கலாம். ஒன்றையே இருவர் கேட்டால் குலுக்கல். 2022-ல் வாபஸ் பிப்ரவரி 7, பிரசாரம் ஓய்ந்தது 17 மாலை. சின்னத்தோடு ஒரு சுயேச்சைக்குக் கிடைத்தது பத்தே நாள். அதனால் சின்னம் வருவதற்கு முன்பே உங்கள் பெயரும் முகமும் 600 வீட்டில் பதிந்திருக்க வேண்டும். பத்து நாளில் சின்னத்தை மட்டும் கொண்டு சேர்த்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிடுங்கள். சின்னம் தேர்ந்தெடுக்கும்போது சின்னப் பிள்ளைகூடப் பார்த்ததும் சொல்லும் பொருளாக எடுங்கள். அச்சில் இன்னொன்று மாதிரித் தெரிகிற எதுவும் வேண்டாம், வயதானவர்கள் குழம்பிவிடுவார்கள். பட்டியலில் தையல் இயந்திரம் இருந்தால் கேட்கத் தோன்றும். கேளுங்கள், கிடைத்தால் நல்லது.

இப்போது உங்கள் மாமியாருக்கு. அம்மா, நகராட்சியில் உங்களுக்கு ஒரே ஓட்டுதான், அது வார்டு கவுன்சிலருக்கு. கிராம ஊராட்சியில் என்றால் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு ஓட்டு, நிறம் நிறமாகச் சீட்டு. உங்களுக்கு அந்த ஞாபகம் இருக்கலாம், அல்லது 2011-ன் ஞாபகமாக இருக்கலாம். அப்போது நகராட்சித் தலைவருக்கும் நேரடியாகப் போட்டோம். 2006-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள், 2011-ல் மக்கள், 2022-ல் மறுபடி கவுன்சிலர்கள். 2022 மார்ச் 4-ஆம் தேதி மன்றக் கூடத்தில் மறைமுகத் தேர்தல் நடத்தித்தான் மேயர்களையும் தலைவர்களையும் எடுத்தார்கள். அதே முறை தொடர்ந்தால் உங்கள் மருமகள் ஜெயித்து வந்ததும் சேர்மனுக்கு ஓட்டுப் போடப் போவது அவர்தான். எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத மன்றத்தில் அந்த ஓட்டுக்கு எவ்வளவு கிராக்கி வரும் என்று அவருக்கும் சேர்த்துச் சொல்லி வையுங்கள். யாருக்குப் போடுவேன் என்பதைத் தெருவில் கேட்டு முடிவு செய்கிறவராக இருந்தால் நல்லது.

வாக்குப்பதிவு அன்று பூத் சிலிப் மட்டும் கொண்டுபோனால் போதாது. அது உங்கள் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டும் சீட்டு, அடையாளச் சான்று இல்லை. வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார், படம் ஒட்டிய பாஸ்புத்தகம், ஓட்டுநர் உரிமம், நூறு நாள் வேலை அட்டை என எதையாவது எடுத்துப் போகலாம். உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டார்கள் என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். நீங்கள்தான் உண்மையான ஆள் என்று நிரூபித்தால் டெண்டர் ஓட்டு என்று தனியாகச் சீட்டுத் தருவார்கள். போன நகர்ப்புறத் தேர்தலில் நோட்டா பொத்தான் கிடையாது. அதைத் தேடி இயந்திரத்தின் முன் நின்றவர்கள் உண்டு.

ஜெயித்தால் தண்ணீர் வந்துவிடுமா? கடிதத்தில் நீங்கள் இதைக் கேட்கவில்லை. ஆனால் உங்களை நம்பி நிற்க வைப்பவர்கள் முதல் மாதமே கேட்பார்கள். கவுன்சிலர் கையில் காசோலைப் புத்தகம் இல்லை, நிர்வாக அதிகாரம் ஆணையரிடம். கூட்டுக் குடிநீர்த் திட்டத்து நீரை நம்பியிருக்கும் நகராட்சி என்றால் வரும் அளவே உங்கள் ஊரின் கையில் இல்லை. வந்த நீரை எந்தத் தொட்டியில் ஏற்றி எந்தத் தெருவுக்கு எத்தனை நேரம் திறப்பது என்பது ஊர் கையில் இருக்கிறது. அதை மாதக் கூட்டத்தில் கேள்வியாக எழுப்பலாம், வால்வு திறக்கும் நேர அட்டவணையைக் கேட்டு வாங்கலாம், குழாய் மாற்றும் பணியைத் தீர்மானத்தில் கொண்டுவரலாம். 2022-ல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்திருக்கின்றன. அந்த ஆண்டு நவம்பர் 1-ல் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. கிராம சபை மாதிரி நகரத்தில் மக்கள் உட்கார்ந்து பேசும் இடம் அது. உங்கள் பகுதியில் அடுத்த பகுதி சபை எப்போது என்று இப்போதே கேட்டு, அந்த நாற்பது பேரோடு போய் உட்காருங்கள். இதற்குத் தேர்தல் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மதிப்பூதியம் என்று பார்த்தால், 2023 ஜூலையிலிருந்து நகராட்சி உறுப்பினருக்கு மாதம் 5,000 ரூபாய். தையல் கடையை மூடிவிடாதீர்கள்.

இந்த வாரமே படிவம் 8 போட்டுவிடுங்கள். பெயர் மாறி வந்ததும், பட்டியலில் உங்கள் பெயர் எந்தப் பாகத்தில், எந்த வரியில் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். உங்களோடு உங்கள் தெருவும் முழுதாக இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.